ஊருக்கு ஆம்புலன்ஸ் வேணும், காசு எங்க கேக்கறது? எம்பி நிதி, எம்எல்ஏ நிதி, சிஎஸ்ஆர், நமக்கு நாமே, 108: ஒரு ஒப்பீடு

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னாடி ஒரு வேப்பமரம் இருக்கு, அதுக்கு கீழ ஒரு ஆம்புலன்ஸ் நிக்குது. நாலு டயரும் காத்து எறங்கி தரையோட தரையா ஒட்டிக் கெடக்கு, பின் கதவத் தொறந்தா ஸ்ட்ரெச்சர் மேல போட்ட பிளாஸ்டிக் கவர் கூட இன்னும் பிரிக்கல, ஆக்சிஜன் சிலிண்டரத் தொறக்கற சாவி நூல்ல கட்டி அப்படியே தொங்குது. வந்து எட்டு மாசம் தான் ஓடுச்சு. வண்டி கெட்டுப் போகல, ஆக்சிடென்ட் ஆகல. டிரைவருக்கு சம்பளம் குடுக்க ஆள் இல்ல, அவ்ளோ தான். அதே எடத்துல இருந்து நாலு கிலோமீட்டர்ல ஒரு பெரியவருக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்தப்ப சரக்கு ஆட்டோல தான் தூக்கிட்டு போனாங்க.

அத பாத்ததுல இருந்து, "அண்ணே, எங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்கணும், எம்பி கிட்ட கேக்கலாமா கம்பெனி கிட்ட கேக்கலாமா"ன்னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணு தான்: ரெண்டாவது வருஷம் டீசல் யார் போடுவாங்க? வண்டி வாங்கறதுக்கு காசு குடுக்க இங்க நாலஞ்சு வழி இருக்கு, ஆனா அத தெனமும் ஓட்டறதுக்கு காசு குடுக்கற வழி ரொம்ப கம்மி, அதனால எந்த நிதின்னு முடிவு பண்றது இந்தக் கேள்விக்கு பதில் தெரிஞ்சதுக்கு அப்புறம் தான்.

மொதல்ல எத வெச்சு ஒப்பிடறது

ஒண்ணு, ஓட்டற செலவு அந்த நிதிக்குள்ள வருமா வராதா. ரெண்டு, வண்டி யார் பேர்ல இருக்கும், ஏன்னா இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டி ஓடத் தகுதின்னு குடுக்கற சான்று), விபத்துன்னு வந்தா கேஸ், எல்லாம் ஆர்சி புக்ல இருக்கற பேர் மேல தான் வரும். மூணு, நம்ம ஊருக்கு அந்த நிதி கெடைக்கற வாய்ப்பு எவ்ளோ. நாலு, பத்து வருஷம் கழிச்சு அந்த வண்டி எங்க நிக்கும்.

அப்புறம் இதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு, நம்ம பிரச்சன வண்டியே தானா. 2023 மே மாசம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைல பாம்பு கடிச்ச ஒண்ணரை வயசுக் குழந்தை ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எறந்து, உடல ஏத்திட்டு வந்த ஆம்புலன்ஸ் ரோடு இல்லன்னு பாதில நின்னு, அங்க இருந்து பெத்தவ கைல தூக்கிட்டு மலை ஏறினது எல்லாருக்கும் நெனப்பு இருக்கும். அங்க பத்து ஆம்புலன்ஸ் குடுத்தாலும் பத்தும் அடிவாரத்துல தான் நின்னுருக்கும். ரோடு இல்லாத ஊர்க்காரங்க தயவு செஞ்சு அதே மனுவ ரோடுக்கு எழுதுங்க, வண்டி அப்புறம்.

செலவுக் கணக்கு, கொஞ்சம் பொறுமையா

இத யாரும் போட மாட்டேங்கறாங்க, அதனால நான் போடறேன். அடிப்படை உயிர்காப்பு வசதியோட ஒரு வேன், கருவி எல்லாம் சேத்து 20 லட்சத்த தாண்டும்னு வெச்சுக்கோங்க. ஆம்புலன்ஸுக்குன்னு ஏஐஎஸ் 125னு ஒரு தரம் இருக்கு, அதுல ஏ, பி, சி, டின்னு நாலு வகை: ஏ மொதல் உதவிக்கு பைக் மாதிரி, பி வெறும் நோயாளி ஏத்திட்டு போற வண்டி, சி அடிப்படை உயிர்காப்பு, டி வென்டிலேட்டர் எல்லாம் இருக்கற பெரிய வண்டி. மனுல "ஆம்புலன்ஸ் ஒண்ணு"ன்னு மட்டும் எழுதினா பி வகை வந்து நிக்கும், அதுல நெஞ்சு வலிக்காரர ஏத்தி ஒண்ணும் பண்ண முடியாது. சி வகைன்னு எழுத்துல கேளுங்க.

இப்ப மாசச் செலவு. 24 மணி நேரம் ஓடணும்னா 12 மணி நேர ஷிப்ட் ரெண்டு, ஷிப்டுக்கு ஒரு டிரைவர் ஒரு மருத்துவ உதவியாளர், அது நாலு பேர், லீவுக்கு மாத்து ஆள் ஒருத்தர், ஆக அஞ்சு பேர். ஆளுக்கு 16,000 ரூபான்னா 80,000. ஆஸ்பத்திரி 30 கிலோமீட்டர்ல இருக்கு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ போய்ட்டு வருதுன்னா 120 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 குடுத்தா 12 லிட்டர், மாசத்துக்கு 360 லிட்டர், 33,000 ரூபா கிட்ட வரும். சர்வீஸ், டயர், ஆக்சிஜன் நெரப்பறது, கையுறை, பஞ்சு, இன்சூரன்ஸ மாசத்துக்கு பிரிச்சா வர்றது, எல்லாம் சேத்து ஒரு 17,000 வைங்க. மொத்தம் மாசம் 1,30,000. வருஷத்துக்கு 15,60,000. உங்க ஊர் சம்பளம் தூரத்துக்கு ஏத்த மாதிரி நம்பர மாத்திக்கோங்க, ஆனா விஷயம் மாறாது: ஒண்ணரை வருஷத்துக்குள்ள ஓட்டற செலவு வண்டி வெலைய தாண்டிடும்.

அரசாங்கமே 108 நடத்தறதுல இந்தக் கணக்க பாத்துருக்கு. தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்துல மத்திய அரசு 108 ஓட்டற செலவுக்கு மொத வருஷம் 60 சதவீதம், ரெண்டாவது வருஷம் 40, அதுக்கப்புறம் 20ன்னு எறங்கு வரிசைல தான் குடுக்கறதா விதி வெச்சாங்க, மிச்சம் மாநிலம் போடணும். தமிழ்நாடு போட்டுச்சு, அதனால தான் 2008ல ஆரம்பிச்சது இன்னிக்கும் 1,300க்கு மேல வண்டியோட ஓடுது. நம்ம ஊர் வண்டிக்கு அந்த "மிச்சம் போடற ஆள்" யாருன்னு தான் தேடணும்.

எம்பி தொகுதி மேம்பாட்டு நிதி

வருஷத்துக்கு ஒரு எம்பிக்கு 5 கோடி. 1993ல ஆரம்பிச்ச திட்டம், ஆம்புலன்ஸ் வாங்க அனுமதி உண்டு, அதனால நம்மாளுங்க மொதல்ல ஓடறது இங்க தான்.

இதுல உள்ள சிக்கல் என்னன்னா, தொடர் செலவு எதுவும் இந்த நிதில கூடாதுன்னு விதிலயே இருக்கு. டீசல் கெடையாது, சம்பளம் கெடையாது, பராமரிப்பும் வாங்கிக்கற துறையோட தலைல தான். வண்டி மாவட்ட நிர்வாகம் இல்ல சுகாதாரத் துறை பேர்ல வரும், நம்ம ஊர் கமிட்டி பேர்ல வராது. இது நல்லதும் கூட, வித்துட முடியாது, யாரும் சொந்த வேலைக்கு எடுக்க முடியாது. ஆனா சுகாதாரத் துறை அத ஓட்ட ஆள் போடலன்னா நம்ம கைல ஒண்ணும் இல்ல. நான் சொன்ன வேப்பமரத்தடி வண்டி இந்த மாதிரி வந்தது தான்.

போட்டியும் அதிகம். தமிழ்நாட்டுல 39 மக்களவைத் தொகுதி, 234 சட்டமன்றத் தொகுதி, ஆக ஒரு எம்பிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதி. 5 கோடிய ஆறால வகுத்தா ஒரு தொகுதிக்கு 83 லட்சம், அதுல தான் ரோடு, ஸ்கூல் பில்டிங், தண்ணி டேங்க், நிழற்குடை எல்லாம்.

ஆனா ரெண்டு கதவு பல பேருக்குத் தெரியாது. மாநிலங்களவை எம்பிங்க தமிழ்நாட்டுல இருந்து 18 பேர் இருக்காங்க, அவங்க மாநிலத்துல எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரை பண்ணலாம், நம்ம தொகுதி எம்பி கை விரிச்சா அங்க போகலாம். இன்னொண்ணு, பட்டியல் இன மக்கள் வாழற பகுதிக்கு 15 சதவீதம், பழங்குடி பகுதிக்கு 7.5 சதவீதம் ஒதுக்கணும்னு இருக்கு. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மாதிரி எடத்துல இருக்கறவங்க பொது வரிசைல நிக்காம இந்தத் தலைப்புல கேக்கறது தான் புத்திசாலித்தனம்.

எப்ப சரி: பக்கத்துல அரசு ஆஸ்பத்திரி இருக்கு, அங்க டிரைவர் பணியிடம் ஏற்கனவே இருக்கு, வண்டி தான் பழசாகி கழிஞ்சு போச்சுங்கற நெலம. ஆள் இருந்தா இந்த நிதி அருமையான நிதி. ஆள் இல்லன்னா வேண்டாம்.

எம்எல்ஏ தொகுதி மேம்பாட்டு நிதி

தொகுதிக்கு வருஷம் 3 கோடி, ஒரே தொகுதிக்கு. மேல போட்ட 83 லட்சத்தோட வெச்சுப் பாருங்க, வாய்ப்பு எங்க அதிகம்னு புரியும். எம்எல்ஏவ சந்திக்கறதும் சுலபம், கல்யாணம் காதுகுத்துலயே பாத்துடலாம். வேலை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியா தான் போகும்.

மத்தபடி குறை அதே தான், ஓட்டற செலவு இதுலயும் வராது, வண்டி அரசு பேர்ல தான். மறைஞ்சு இருக்கற செலவு காலம். தேர்தல் நடத்தை விதி வந்துட்டா புது ஒப்புதல் அப்படியே நிக்கும், அதனால தேர்தல் வருஷத்துல கடைசி ஆறு மாசத்துல போய் நின்னா "ஆகட்டும் பாக்கலாம்" தான் பதில். நிதியாண்டு ஆரம்பத்துல, ஏப்ரல் மே மாசத்துலயே மனு கைல இருக்கணும்.

அரசு பேர்ல வர்ற எந்த வண்டிக்கும் ஒரு கெடு இருக்குங்கறதயும் சொல்லிடறேன். 2023 ஏப்ரல் 1ல இருந்து 15 வருஷம் தாண்டின அரசு வண்டிக்கு பதிவு புதுப்பிக்க மாட்டாங்க, எவ்ளோ நல்லா ஓடினாலும் கழிவு தான். பக்கத்து ஆஸ்பத்திரில ஏற்கனவே ஒரு வண்டி இருந்தா அதோட பதிவு வருஷத்த பாருங்க, இன்னும் ரெண்டு வருஷத்துல கழியப் போகுதுன்னா "மாத்து வண்டி வேணும்"னு கேக்கறது "புது வண்டி வேணும்"னு கேக்கறத விட பத்து மடங்கு வலுவான மனு, ஏன்னா டிரைவர் அங்க ஏற்கனவே சம்பளம் வாங்கிட்டு இருக்காரு.

கம்பெனி சிஎஸ்ஆர்

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, இல்ல விற்றுமுதல் 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாவது ஒண்ணு இருக்கற கம்பெனி மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணணும், அதத்தான் சிஎஸ்ஆர்னு சொல்றாங்க. லாபம் 5 கோடிங்கறது பெரிய எல்லை இல்ல, உங்க மாவட்டத்துல இருக்கற நூல் மில், சிமெண்ட் ஆலை, சர்க்கரை ஆலை, கோழித் தீவன கம்பெனி கூட இதுக்குள்ள வரலாம். அதோட, தாங்க இருக்கற ஊரு சுத்துப்பட்டுக்கு முன்னுரிமை குடுக்கணும்னு சட்டமே சொல்லுது.

இங்க தான் ஒரு பெரிய வித்தியாசம். பல வருஷத் திட்டமா எழுதினா ஆரம்பிக்கற வருஷத்த விட்டு இன்னும் மூணு வருஷம் வரைக்கும் செலவ நீட்டலாம், அதுல சம்பளம் டீசல் எல்லாம் திட்டச் செலவா வரும். மேல சொன்ன ரெண்டு நிதிலயும் இல்லாத வசதி இது. ஆனா பெரும்பாலான ஊர்க்காரங்க கம்பெனிகிட்ட போய் "வண்டி குடுங்க"ன்னு மட்டும் கேக்கறாங்க, கம்பெனியும் வண்டிய குடுத்து ரிப்பன் கட் பண்ணி போட்டோ எடுத்துட்டு போய்டும். நீங்க கேக்க வேண்டியது வண்டி ப்ளஸ் மூணு வருஷ ஓட்டற செலவு. வண்டி பழசா இருந்தாலும் பரவால்ல, ஓட்டற செலவ மட்டும் குடுங்கன்னு கூட கேக்கலாம், நான் அதத்தான் சொல்வேன்.

மறைஞ்ச செலவு: காசு வாங்கறதுக்கு ஊர் கமிட்டி போதாது, பதிவு பண்ண அறக்கட்டளையோ சங்கமோ வேணும், வருமான வரில 12ஏ, 80ஜின்னு தொண்டு அமைப்புக்கான வரிச் சலுகைப் பதிவு வேணும், 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு நம்பர் வாங்கியிருக்கணும், வருஷா வருஷம் ஆடிட்டர். இதுக்கே ஒரு வருஷம் போய்டும். வண்டிய கம்பெனி தன் பேர்ல வெச்சுக்க முடியாது, அறக்கட்டளை பேர்லயோ அரசு அமைப்பு பேர்லயோ தான் இருக்கணும், அறக்கட்டளை பேர்னா விபத்து வழக்கு வந்தா கோர்ட்டுக்கு அலையப் போறது நீங்க. ஒரு வருஷம் இன்சூரன்ஸ் கட்ட மறந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. எஃப்சியும் மொத எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அதுக்கப்புறம் வருஷா வருஷம்.

எப்ப சரி: கம்பெனி பக்கத்துல இருக்கு, ஏற்கனவே நாணயமா நடக்கற ஒரு அறக்கட்டளை இருக்கு, நாலாவது வருஷத்துக்கு இப்பவே யோசிக்கற ஆள் இருக்காங்க.

நமக்கு நாமே, கூடவே ஊர் வசூல்

நமக்கு நாமே திட்டத்துல கிராமத்துல மக்கள் பங்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் அரசு. பட்டியல் இன, பழங்குடி மக்கள் அதிகமா இருக்கற எடத்துக்கு அஞ்சுல ஒரு பங்கு போதும். இது பொதுச் சொத்து உருவாக்கற திட்டம், கட்டடம் சுற்றுச்சுவர் மாதிரி, அதனால வண்டிக்குன்னு போய் நிக்காதீங்க, ஆனா இத தூக்கிப் போட்டுடவும் வேண்டாம், கீழ 108 பகுதில இதுக்கு ஒரு வேலை இருக்கு.

ஊர் வசூல் பத்தி ஒரே ஒரு கணக்கு. 600 வீடு, வீட்டுக்கு மாசம் 100 ரூபா, எல்லாரும் குடுத்தா 60,000. நம்ம செலவு 1,30,000. பாதி கூட வரல. ஆனா ராத்திரி எட்டு மணில இருந்து காலைல ஆறு மணி வரைக்கும் மட்டும் ஓட்டறதுன்னு வெச்சா ஆளும் டீசலும் பாதியா கொறைஞ்சு 65,000 பக்கம் வந்துடும், கொஞ்சம் இழுத்துப் புடிச்சா சமாளிக்கலாம். பகல்ல பஸ் இருக்கு, கார் இருக்கு, பக்கத்து வீட்டு பைக் இருக்கு, ராத்திரி தான் யாரும் இல்ல. இருக்கற காசு கம்மின்னா ராத்திரிக்கு வைங்க.

காசே கேக்காத வழி: 108 வண்டிய நம்ம பக்கம் நிறுத்தச் சொல்றது

எனக்கு இதான் மொத வழி, ஆனா எல்லாரும் இத கடைசியா தான் யோசிக்கறாங்க, ஏன்னா இதுல யார் பேரும் கதவுல எழுத முடியாது. டிரைவர் (அவங்க பைலட்னு சொல்வாங்க), மருத்துவ உதவியாளர், டீசல், மருந்து, வண்டி மாத்தறது, எல்லாம் அவங்க பாத்துப்பாங்க, நமக்கு நயா பைசா செலவில்ல.

முட்டுக்கட்டை மக்கள்தொகை. தேசிய அளவுல அளவுகோல் ஒரு லட்சம் பேருக்கு ஒரு அடிப்படை உயிர்காப்பு வண்டி, அஞ்சு லட்சம் பேருக்கு ஒரு பெரிய வண்டி. அஞ்சாயிரம் பேர் இருக்கற மலை ஊரு இந்தக் கணக்குல எந்த ஜென்மத்துலயும் வராது. அதனால தலைக்கணக்குல வாதாடாதீங்க, நேரக்கணக்குல வாதாடுங்க. கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, அங்க 30 கிலோமீட்டர்ங்கறதும் சமவெளில 30 கிலோமீட்டர்ங்கறதும் ஒண்ணா? போன் பண்ண நேரம், வண்டி வந்த நேரம், ஆஸ்பத்திரி சேந்த நேரம், மூணு மாசத்துக்கு ஒரு நோட்டுல எழுதி வெச்சீங்கன்னா அது பத்து தலைவருங்க சிபாரிச விட பேசும்.

அடுத்தது, வண்டி வந்து நிக்க எடம் குடுக்கணும். ராத்திரி முழுக்க ரெண்டு பேர் இருக்கணும், அதுல பல எடத்துல பெண் உதவியாளர், அவங்களுக்கு கதவு சாத்தற ரூம், லைட்டு, தண்ணி, கழிப்பறை வேணும். இது இல்லாம நடு ரோட்டோரம் வண்டிக்குள்ளயே உக்காருங்கன்னா யார் இருப்பாங்க? ஆரம்ப சுகாதார நிலைய வளாகத்துல இந்த மாதிரி ரூமுக்கும் ஷெட்டுக்கும் நமக்கு நாமே திட்டத்துல போங்க. 6 லட்சம் வேலைக்கு ஊர் போடறது 2 லட்சம். 20 லட்சத்துக்கு வண்டி வாங்கி நிறுத்தறத விட இந்த 2 லட்சம் அதிக உயிர காப்பாத்தும்னு நான் உறுதியா நம்பறேன்.

குறை என்னன்னா வண்டி நமக்கே நமக்குன்னு இருக்காது. கால் வந்தா பக்கத்து ஒன்றியத்துக்கும் போகும், கால் கம்மியா வந்தா வேற எடத்துக்கு மாத்தவும் செய்வாங்க. பிரசவத்துக்கு நாள் நெருங்கின பொண்ணுங்கள மலைல இருக்கற சுகாதார நிலையத்து பிரசவ காத்திருப்பு அறைல முன்கூட்டியே கொண்டு போய் சேத்துட்டா, வண்டி வெளில போன நேரத்துல வலி வந்துருமோங்கற பயம் பாதி கொறையும்.

ஒரே பார்வைல

| வழி | வண்டி வாங்க | ஓட்டற செலவு | யார் பேர்ல | யாருக்கு ஒத்து வரும் |
|---|---|---|---|---|
| எம்பி நிதி | வரும் | வராது | அரசு | டிரைவர் இருக்கு, வண்டி இல்லங்கற ஆஸ்பத்திரிக்கு. பழங்குடி பகுதிக்கு |
| எம்எல்ஏ நிதி | வரும் | வராது | அரசு | கழியப் போற வண்டிக்கு மாத்து வண்டி கேக்க |
| சிஎஸ்ஆர் | வரும் | மூணு வருஷம் வரை கேக்கலாம் | அறக்கட்டளை இல்ல அரசு | ஒழுங்கா கணக்கு வெச்ச அறக்கட்டளை இருக்கற ஊருக்கு |
| நமக்கு நாமே | இதுக்கு வேண்டாம் | வராது | அரசு | ரூம், ஷெட் கட்ட |
| ஊர் வசூல் | கஷ்டம் | ராத்திரி சேவைக்கு மட்டும் | அறக்கட்டளை | ஒத்துமையான ஊருக்கு |
| 108 நிறுத்தம் | தேவையில்ல | அரசே | அரசு | கிட்டத்தட்ட எல்லாருக்கும் மொதல்ல |

பதினைஞ்சாவது நிதிக்குழு உள்ளாட்சி வழியா சுகாதாரத்துக்கு 2021ல இருந்து 2026 வரைக்கும் 70,051 கோடி ஒதுக்கினாங்களே அதுல கேக்கலாமான்னு ஒரு தம்பி கேட்டாரு. அது துணை சுகாதார நிலையக் கட்டடம், வட்டார சுகாதார அலகு, பரிசோதனை வசதின்னு தலைப்பு கட்டி வந்த காசு தம்பி, ஆம்புலன்ஸ் அதுல இல்ல, அலையாதீங்க.

நானா இருந்தா இப்படி

மொத மூணு மாசம் நோட்டு. ஒரு நாப்பது பக்க நோட்டு, ஊர்ல ரெண்டு பேர் பொறுப்பு, டீக்கடைல கட்டித் தொங்க விட்டா கூட போதும். தேதி, கூப்பிட்ட நேரம், வந்த நேரம், சேந்த நேரம், என்ன பிரச்சன. பேர் எழுத வேண்டாம். அப்புறம் கிராம சபைல தீர்மானம், வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, அதுல எது பக்கத்துல வருதோ அது. தீர்மானத்துல "ஆம்புலன்ஸ் வேண்டும்"னு ஒத்த வரில எழுதாம, 108 வண்டி நிறுத்த ஊராட்சி எடமும் ரூமும் தரும்னு எழுதுங்க. அந்த நகலோட, நோட்டோட ஜெராக்ஸோட திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல ஒரு மனு, மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு மனு, ரெண்டுலயும் ரசீது வாங்கிடுங்க.

ஆறு மாசம் பாத்தும் நகரலன்னா அப்ப சிஎஸ்ஆர் பக்கம் போங்க, அதுக்கும் இதே நோட்டு தான் ஆதாரம். எம்பி எம்எல்ஏ நிதிக்கு போறதா இருந்தா, பக்கத்து ஆஸ்பத்திரி மருத்துவ அலுவலர் கிட்ட "வண்டி வந்தா ஓட்ட டிரைவர் பணியிடம் இருக்கு"ன்னு எழுத்துல ஒரு வரி வாங்கிட்டு போங்க, அந்த ஒரு வரி கெடைக்கலன்னா மனுவ மடிச்சு வெச்சுட்டு மறுபடி 108 கேஸையே புடிங்க.